காத்மாண்டுவுக்குக் கடல் வரும் வழி

காத்மாண்டுவின் நியூ ரோட்டிலும் அசன் கடைத்தெருவிலும் ஒரு மணி நேரம் நடந்தால் பாதி உலகத்துச் சரக்கு கண்ணில் பட்டுவிடும். சீனக் கைபேசி, கொரியக் குளிர்பதனப் பெட்டி, மலேசியப் பாமாயில், தாய்லாந்து டயர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், நாலாபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கும் நகரம் இது. நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது. ஆனாலும் கடல் தாண்டி வந்த ஒரு பொருளாவது இல்லாத வீட்டை இங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கப்பலில் வரும் சரக்கில் பெரும்பங்கு வந்து சேரும் பாதை ஒன்றுதான். கொல்கத்தாவில் இறங்கும் கன்டெய்னர், ரயிலில் 704 கிலோமீட்டர் பயணித்து, பீகாரின் ரக்சௌல் வழியாக நேபாள எல்லை ஊரான பீர்கஞ்சை அடைகிறது. பீர்கஞ்சிலிருந்து காத்மாண்டுவுக்கு நேர்கோட்டில் அளந்தால் 90 கிலோமீட்டர். லாரி ஏறிப் போக வேண்டிய தூரமோ கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர்.

வரைபடத்தைப் பார்ப்பவருக்குத் தூரம்தான் முதலில் தெரியும். காத்மாண்டு வணிகரைக் கேட்டால் அவர் நாட்களைச் சொல்வார். கப்பல் கொழும்பில் எத்தனை நாள் நின்றது, பெட்டி கொல்கத்தாவில் எத்தனை நாள் கிடந்தது, லாரி முக்லிங் மலைச்சாலையில் எத்தனை நாள் மறிபட்டது என்பதுதான் அவருடைய கணக்கு. ஓடுகிற சரக்குக்கு ஆகும் செலவை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். நிற்கிற சரக்குக்கு ஆகும் செலவுக்கு மட்டும் மேல்வரம்பே கிடையாது. கடலில்லா நகரத்தின் முழுப் பாடும் அந்த நிற்றலில்தான் இருக்கிறது. நிற்றலுக்குக் காரணம் எப்போதும் மலையாக இருந்ததில்லை. பல சமயம் அது ஒரு கையெழுத்தாகவும், சில சமயம் ஒரு பாலத்தில் உட்கார்ந்திருந்த கூட்டமாகவும் இருந்திருக்கிறது.

தோளில் ஏறி வந்த கார்கள்

1950களின் நடுப்பகுதி வரை காத்மாண்டுவுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. ஆனால் நகரத்துக்குள் கார்கள் ஓடின. அன்று நேபாளத்தை ஆண்ட ராணா பிரதமர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரவழைத்த கார்கள் அவை. கல்கத்தா துறைமுகத்தில் இறங்கி, ரயிலிலும் பிறகு சாலையிலுமாக மலையடிவாரத்துப் பீம்பேதி வரை வந்துவிடும். அதற்குமேல் மகாபாரத் மலைத்தொடர். சக்கரங்களைக் கழற்றி, வண்டியை நீண்ட மூங்கில் கழிகளோடு சேர்த்துக் கட்டி, பல பத்துச் சுமையாட்கள் ஒருசேரத் தோள் கொடுத்துத் தூக்குவார்கள். சீசாபானி கடி, குலேகானி, சித்லாங், சந்திராகிரி என்று மலைமேல் மலையாக ஏறி இறங்கித் தான்கோட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். அரண்மனைகளின் ஐரோப்பியச் சரவிளக்குகளும் ஆளுயர நிலைக்கண்ணாடிகளும் இதே பாதையில், இதே தோள்களில்தான் வந்தன.

கார்களை இப்படித் தூக்கி வந்த புகைப்படங்கள் இன்று நேபாளத்துப் பழங்கதைபோலப் பகிரப்படுகின்றன. படத்தில் காரைப் பார்க்கிறவர்கள் அதன் கீழே இருக்கும் கால்களையும் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு ஏறிய அந்த மனிதர்களின் கூலிதான் அன்றைய காத்மாண்டுவின் சரக்குக் கட்டணம். சித்லாங் போன்ற மலைக் கிராமங்கள் இந்தச் சுமையில்தான் பிழைத்தன.

ராணாக்கள் காலத்திலேயே மாற்று வழிக்கான முயற்சி தொடங்கியிருந்தது. 1927-ல் ரக்சௌலிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை குறுகிய பாதை ரயில் வந்தது. 1920களிலேயே மலைமேல் கம்பி கட்டிச் சரக்குத் தொட்டிகளை இழுத்துச் செல்லும் ரோப்வேயும் அமைக்கப்பட்டது. அதை 1964-ல் அமெரிக்க உதவியோடு ஹெட்டௌடாவிலிருந்து காத்மாண்டு வரை 42 கிலோமீட்டருக்கு விரிவாக்கினார்கள். லாரி நெளிந்து நெளிந்து ஏறும் மலையை இந்தத் தொட்டிகள் நேராகக் கடந்தன. சாலை வந்த பிறகு அதைக் கவனிக்க ஆளில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நின்றே போனது. நேபாளம் தானாகக் கைவிட்ட நல்ல வசதிகளில் இதுவும் ஒன்று. பின்னாளில் சாலை மூடிக்கிடந்த ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த இழப்பு தெரிந்திருக்க வேண்டும்.

இந்திய உதவியோடு இந்திய ராணுவப் பொறியாளர்கள் அமைத்த திரிபுவன் ராஜபாதை 1956-ல் திறந்தது. தாமன் அருகே சிம்பஞ்ச்யாங் கணவாயில் அந்தச் சாலை 2,400 மீட்டரையும் தாண்டி மேலே ஏறுகிறது. முதல்முறையாகக் காத்மாண்டுவுக்குக் கார்கள் தங்கள் சொந்தச் சக்கரத்தில் வந்தன.

ஆற்றுக்குள் ஒரு துறைமுகம்

நேபாளத்துக்கு வாய்த்த துறைமுகத்துக்கே கடல் அருகில் இல்லை. கொல்கத்தா, வங்கக் கடலிலிருந்து ஹூக்ளி ஆற்றுக்குள் 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. கடல் முகத்தில் காத்திருக்கும் பைலட் கப்பலேறி வழிகாட்டினால்தான் எந்தக் கப்பலும் உள்ளே வர முடியும். ஆறு இடைவிடாமல் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடலேற்றம் வரும் நேரம் பார்த்துத்தான் கப்பல் மதகுக் கதவுகளைத் தாண்டி டாக்குக்குள் நுழையும். ஹூக்ளியில் நீரோட்டத்தைக் கூட்டி வண்டலைத் தள்ளுவதற்காகவே கங்கையின் குறுக்கே ஃபராக்கா அணை கட்டப்பட்டு 1975-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அப்போதும் ஆழம் போதவில்லை.

ஆழம் இல்லாத துறைமுகத்துக்குள் பெரிய தாய்க்கப்பல் வராது. எனவே காத்மாண்டுவுக்கான பெட்டி முதலில் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ போர்ட் கிளாங்கிலோ இறக்கப்படுகிறது. அங்கே காத்திருந்து, சிறிய ஃபீடர் கப்பலில் ஏறி, பிறகுதான் ஹூக்ளிக்குள் நுழைகிறது. ஐரோப்பாவிலிருந்து வருவதற்குப் பெரும்பாலும் கொழும்புதான் கைமாற்றும் இடம். 2023 இறுதியில் ஏமன் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதலால் கப்பல்கள் செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றத் தொடங்கியபோது கொழும்புத் துறைமுகத்தில் பெட்டிகள் குவிந்தன. ஜெர்மனியிலிருந்து காத்மாண்டு மருத்துவமனைக்கு வரவேண்டிய ஒரு கருவியின் வருகை நாளை ஏமன் கடற்கரையும் கொழும்பு யார்டும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் நேபாளத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது.

கொல்கத்தாவில் பெட்டி இறங்கியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். கப்பல் நிறுவனம் சில நாட்களை இலவசமாகத் தரும். அதற்குள் பெட்டியைக் காலி செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் டிடென்ஷன், அதுவும் டாலரில். துறைமுக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதற்கு டெமரேஜ் தனி. சென்னையிலோ தூத்துக்குடியிலோ சரக்கெடுக்கும் வணிகருக்கும் இந்தக் கட்டணங்கள் உண்டு. ஆனால் அவர் துறைமுகத்து ஊரிலேயே ஏஜென்டை வைத்து வேலையை முடித்துவிடலாம். காத்மாண்டுக்காரரின் பெட்டி எல்லை தாண்டிப் போய்க் காலியாகி, அதே வழியில் திரும்பி வந்தாக வேண்டும்.

அதைவிடப் பெரிய தடை காகிதம். பல பத்தாண்டுகளுக்கு நடைமுறை இதுதான்: நேபாள வணிகரின் கிளியரிங் ஏஜென்ட் கொல்கத்தா சுங்கத்தில் கஸ்டம்ஸ் டிரான்சிட் டிக்ளரேஷன் தாக்கல் செய்ய வேண்டும். சரக்கின் விவரம், வங்கிக் கடன் கடிதம், இன்வாய்ஸ் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் திரும்பக் காத்மாண்டுவுக்கு ஓட வேண்டும். சரக்கு வழியில் இந்தியச் சந்தைக்குள் நழுவிவிட்டால் இந்தியாவுக்கு வரவேண்டிய வரி போய்விடும் என்பதால், அதற்கு ஈடாகக் காப்பீடும் உறுதிப் பத்திரமும் கேட்கப்பட்டன. இந்தியத் தரப்பின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. நேபாளத்துக்கென்று வந்த வெளிநாட்டுத் துணியும் மின்னணுச் சாமானும் திறந்த எல்லை வழியாகப் பீகாருக்குள் திரும்பிய காலம் ஒன்று இருந்தது. ஆனாலும் நேர்மையாகச் சரக்கெடுத்த வணிகர்தான் அந்தச் சந்தேகத்துக்கு நாள்தோறும் விலை கொடுத்தார்.

இதை மாற்றியது ஒரு பூட்டு. எலெக்ட்ரானிக் கார்கோ டிராக்கிங் சிஸ்டம் என்ற முறையில், கன்டெய்னரின் கதவில் மாட்டும் மின்னணு சீல் தான் எங்கே இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லிக்கொண்டே வரும். யாராவது கை வைத்தால் உடனே தகவல் போகும். ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆதரவோடு சோதித்துப் பார்த்து, 2019-ல் இந்தியாவும் நேபாளமும் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பெட்டியை எல்லை வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு கப்பல் நிறுவனத்துக்குப் போனது. நேபாள வணிகர் கொல்கத்தா சுங்க அலுவலகத்தில் காகிதத்தோடு வரிசையில் நிற்க வேண்டிய தேவை பெருமளவு போய்விட்டது. சாலை ஒரு அடி கூட அகலமாகாமல், ஆறு ஒரு அங்குலம் கூட ஆழமாகாமல், கடல் காத்மாண்டுவுக்குப் பல நாள் நெருங்கி வந்தது. இந்த வட்டாரத்தில் நடந்த மிகப் பயனுள்ள வணிகச் சீர்திருத்தங்களில் இதையும் சேர்க்க வேண்டும்.

ஒற்றைத் துறைமுகத்தை நம்பியிருந்த நிலையும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 2016-ல் இந்தியாவோடு கடிதப் பரிமாற்றம் முடிந்து, 2017-ல் விசாகப்பட்டினத்திலிருந்து பீர்கஞ்சுக்கு நேபாளச் சரக்கு ரயில் வரத் தொடங்கியது. தூரம் கொல்கத்தாவைப்போல இருமடங்கு, ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ஆனால் விசாகப்பட்டினம் ஆழமான துறைமுகம், பெரிய கப்பல் நேரடியாக உள்ளே வரும். இருமடங்கு தூரத்தையும் வணிகர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால், அவர்கள் எதை எண்ணிப் பார்க்கிறார்கள் என்பது புரியும்.

பீர்கஞ்சின் புறத்தே சிர்சியாவில் இருக்கிறது நேபாளத்தின் உலர் துறைமுகம். ரக்சௌலிலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு அகல ரயில்பாதை எல்லையைத் தாண்டி நேராக உள்ளே வருகிறது. உலக வங்கி உதவியோடு கட்டிய இந்த யார்டு, ரயில் இயக்குவது பற்றிய உடன்பாடு இல்லாததால் சில ஆண்டுகள் வெறுமனே கிடந்தது. 2004 மே மாதம் இரு நாடுகளும் ரயில் சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே திறந்தது. அதன்பிறகும் கன்டெய்னர் ரயிலை இயக்கும் உரிமை இந்திய அரசின் கான்கார் நிறுவனத்திடம் மட்டுமே இருந்தது. 45 வேகன், 90 இருபதடிப் பெட்டிகள் கொண்டது ஒரு ரேக். அது எப்போது கிடைக்கும் என்று வணிகர் காத்திருக்க வேண்டும், கேட்ட வாடகையைக் கொடுக்க வேண்டும். 2021-ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்களுக்கும் வழி திறந்தது.

வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை காலியாகத்தான் திரும்புகின்றன. நேபாளத்தின் இறக்குமதி, ஏற்றுமதியைப்போலப் பல மடங்கு. கம்பளம், பஷ்மினா, தேயிலை, ஏலக்காய் ஆகியவற்றைக் கொண்டு அத்தனை பெட்டிகளை நிரப்ப முடியாது. போகவரக் கட்டணம் முழுவதும் வந்த சரக்கின் தலையிலேயே விழுகிறது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? தோஹாவிலிருந்து, துபாயிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து. வளைகுடாவிலும் மலேசியாவிலும் உழைக்கும் நேபாளிகள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் கால்பங்குக்கு அருகில் வருகிறது. திரிபுவன் விமான நிலையத்தில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இறங்கும் இளைஞர்களை எவரும் பார்க்கலாம். சரக்கு வழியை நம்பாமல் தன் வீட்டுக்கான பொருளைத் தானே சுமந்து வருபவர்கள் அவர்கள். 2022-ல் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சரிந்தபோது அரசு, கார், 600 டாலருக்கு மேற்பட்ட கைபேசி, மதுபானம், பொம்மை உள்ளிட்ட பல பொருட்களின் இறக்குமதியையே நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் தடை விலகியது.

பாலத்தில் அடைபட்ட குளிர்காலம்

கடலில்லாத நாட்டுக்குக் கடலை அடையும் உரிமை உண்டு என்கிறது 1982-ன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 125-வது பிரிவு. இந்தியா 1995-லும் நேபாளம் 1998-லும் அதை உறுதிசெய்தன. ஆனால் அதே பிரிவு, அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சம்பந்தப்பட்ட நாடுகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும் என்கிறது. உரிமை உலகத்துடையது, சாவி பக்கத்து வீட்டாரிடம்.

நேபாளத்தின் ராஜதந்திரிகள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். வணிகம் என்பது இரு தரப்பும் பேரம் பேசும் விஷயம். கடலுக்குப் போகும் வழி அப்படியானது அன்று. இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டக் கூடாது என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். 1978-ல் இந்தியாவின் ஜனதா ஆட்சி அதை ஏற்றுத் தனித்தனி ஒப்பந்தங்களுக்கு இசைந்தது. பதினோரு ஆண்டுகளுக்குள் அந்த வெற்றி பறிபோனது. 1989 மார்ச்சில் ஒப்பந்தங்கள் காலாவதியானபோது, 15 போக்குவரத்து வாயில்களில் இரண்டைத் தவிர மற்றவற்றை இந்தியா மூடியது. சீனாவிடம் நேபாளம் ஆயுதம் வாங்கியது இருநாட்டு உறவைக் கசக்க வைத்திருந்த நேரம் அது. காத்மாண்டுவில் மண்ணெண்ணெய்க்கு நீண்ட வரிசைகள் நின்றன. விறகுக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. 1991-ல் புதிய ஒப்பந்தங்கள் வந்தன. 1999-லிருந்து போக்குவரத்து ஒப்பந்தம் ஏழாண்டுக்கு ஒருமுறை தானாகவே நீளும் வகையில் மாற்றப்பட்டது.

தாளில் இருந்த பாதுகாப்பு 2015-ல் பலிக்கவில்லை. அந்த ஏப்ரலில் வந்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்திருந்தார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் இருந்தன. செப்டம்பர் 20-ல் புதிய அரசியல் சட்டம் அறிவிக்கப்பட்டது. தங்கள் பிரதிநிதித்துவமும் குடியுரிமையும் அதில் குறைக்கப்பட்டதாகத் தெற்குச் சமவெளியின் மதேசி மக்கள் கொதித்தார்கள். போராட்டங்களில் 40-க்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே உயிரிழந்திருந்தார்கள். ரக்சௌலுக்கும் பீர்கஞ்சுக்கும் நடுவே சிர்சியா ஆற்றின்மேல் இருக்கும் மிதேரிப் பாலத்தில் போராட்டக்காரர்கள் உட்கார்ந்தார்கள். இந்தியா அறிவிக்காமல் முற்றுகையிடுகிறது என்றது காத்மாண்டு. நேபாளத்துக்குள் நடக்கும் போராட்டத்தால் லாரிகள் போக முடியவில்லை என்றது டெல்லி. மற்ற வாயில்களிலும் சரக்கு ஊர்ந்தது.

ஏறத்தாழ நாலரை மாதங்கள் இப்படிப் போயின. பெட்ரோல் பங்குகள் மூடின. சமையல் எரிவாயு இல்லாமல் காத்மாண்டு வீடுகளின் மாடிகளில் விறகடுப்பு எரிந்தது. மருந்துக் கன்டெய்னர்கள் இந்தியப் பக்கத்தில் நின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்தக் குளிர்காலத்தில் நோய்க்கோ மரணத்துக்கோ ஆளாகும் அபாயத்தில் இருப்பதாக யுனிசெஃப் நவம்பர் இறுதியில் எச்சரித்தது. 2016 பிப்ரவரியில்தான் பாலம் திறந்தது.

இதில் யார் பக்கம் எவ்வளவு தவறு என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. மதேசி மக்களின் குறை பொய்யில்லை. ஆனால் கூரை இழந்த ஒரு மலைக் கிராமத்துக் குழந்தைக்கும் அந்த வழக்குக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கடலுக்குப் போகும் வழி எந்த அரசியல் பேரத்திலும் பகடையாகக் கூடாது என்பதற்கு அந்தக் குளிர்காலம் போதுமான சான்று.

அந்த அடி சில நல்ல மாற்றங்களையும் விரைவுபடுத்தியது. இண்டக்‌ஷன் அடுப்பு நகர வீடுகளுக்குள் நுழைந்தது. 1990களிலிருந்து பேச்சளவில் கிடந்த மோத்திஹாரி–அம்லேக்கஞ்ச் எண்ணெய்க் குழாய், 69 கிலோமீட்டர் நீளத்தில் 2019 செப்டம்பர் 10-ல் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் நாட்டெல்லை தாண்டிய முதல் பெட்ரோலியக் குழாய் அதுதான். டீசல் இப்போது டேங்கர் வரிசையில் நிற்காமல் எல்லையைக் கடக்கிறது. எரிவாயு மட்டும் இன்னமும் டேங்கரில்தான் வருகிறது.

வடக்குக் கதவு

முற்றுகையின்போது சீனா 13 லட்சம் லிட்டர் எரிபொருளை அன்பளிப்பாகக் கேருங் எல்லை வழியாக அனுப்பியது. அந்த உணர்ச்சி அலையில் 2016-ல் சீனாவோடு போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. 2019-ல் நடைமுறை விதிகளும் முடிவாயின. தியான்ஜின், ஷென்சென், லியான்யுன்காங், ஜான்ஜியாங் என நான்கு துறைமுகங்களும், லான்ஜோ, லாசா, ஷிகாட்சே என மூன்று உலர் துறைமுகங்களும் நேபாளத்துக்குத் திறந்தன. தாளில் பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் தியான்ஜின் நேபாள எல்லையிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வேறு நாட்டுச் சரக்கு அந்த வழியில் வணிக அளவில் பெருகவே இல்லை. பேரம் பேசும்போது கையில் ஒரு மாற்று இருக்கிறது என்று காட்டவே அது அதிகம் உதவியது.

சீனாவிலேயே செய்த சரக்கு வடக்குச் சாலைகள் வழியாக வருவது வேறு கதை. பெட்ரோல் கார்களுக்குக் கடும் வரியும் மின்சார வண்டிகளுக்குக் குறைந்த வரியும் இருப்பதால் காத்மாண்டுச் சாலைகளில் சீன மின்சார கார்கள் நிறைந்துவிட்டன. ஆனால் வடக்குக் கதவின் நிலைமை நொய்மையானது. 2015 நிலநடுக்கத்தில் மூடிய தாதோபானி வாயில் 2019-ல்தான் மறுபடி திறந்தது. 2025 ஜூலை 8-ல் போட்டேகோசி ஆற்றில் வந்த வெள்ளம், கேருங் வழியில் உள்ள ரசுவாகடியின் எல்லைப் பாலத்தையே அடித்துச் சென்றது. சுங்க யார்டில் நின்ற புத்தம்புது மின்சார வண்டிகளும் சரக்குப் பெட்டிகளும் அதோடு போயின. திபெத்தில் பனியாற்றின்மேல் தேங்கியிருந்த ஏரி உடைந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2023-ல் திறந்த முஸ்தாங்கின் கோரலா வாயில் அதன்பின் கைகொடுத்தது. அங்கிருந்து காத்மாண்டு வெகுதூரம்.

கடைசி 280 கிலோமீட்டர்

இதுவரை சொன்ன தடைகளுக்கெல்லாம் நேபாளம் வெளியே கை காட்டலாம். பீர்கஞ்சுக்கும் காத்மாண்டுவுக்கும் இடையிலுள்ள சாலைக்கு அப்படிக் கை காட்ட முடியாது.

பீர்கஞ்சில் நேபாளச் சுங்கத்தை, அதாவது பன்சாரை முடித்ததும் பெரும்பாலான கன்டெய்னர்கள் அங்கேயே திறக்கப்படுகின்றன. சரக்கு லாரிகளுக்கு மாறுகிறது. டிடென்ஷன் பயத்தில் பெட்டியை உடனே ரயிலேற்ற வேண்டும் என்பது ஒரு காரணம். நாற்பதடிப் பெட்டியோடு மலையேறத் தயங்குவது இன்னொன்று. கண்ணாடியும் மின்னணுக் கருவியும் இப்படிக் கைமாறும்போதுதான் உடைகின்றன. 1956-ன் ராஜபாதை கனரக லாரிக்கு ஏற்றதல்ல, அவ்வளவு செங்குத்து. எனவே லாரி ஹெட்டௌடாவிலிருந்து மேற்கே நாராயண்காட் போய், வடக்கே முக்லிங் ஏறி, அங்கிருந்து திரிசூலி ஆற்றை ஒட்டிக் கிழக்கே திரும்பி, நௌபிசே தாண்டி, நாக்டுங்கா ஏற்றத்தில் முக்கி முனகிக் காத்மாண்டுவுக்குள் இறங்குகிறது. மூன்று மடங்கு தூரம் இப்படித்தான் ஆகிறது.

நாராயண்காட்டுக்கும் முக்லிங்குக்கும் இடையே 36 கிலோமீட்டர். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் திரிசூலி. 2024 ஜூலை 12 அதிகாலையில் சிமல்தாலில் மண் சரிந்து இரண்டு பேருந்துகளை ஆற்றுக்குள் தள்ளியது. அறுபதுக்கும் மேற்பட்ட பயணிகளில் ஒருசிலரே பிழைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் கொட்டிய மழையில் தாதிங் மாவட்டத்தின் ஜ்யாப்லேகோலாவில், நெரிசலில் நின்றிருந்த வண்டிகள்மேல் மலை விழுந்தது. காத்மாண்டுவை வெளியுலகோடு இணைக்கும் எல்லாச் சாலைகளும் துண்டிக்கப்பட்டன.

அந்த மழை வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். நேபாளத்தின் பெரிய பண்டிகை தசைன், அடுத்தது திகார். ஆண்டு வியாபாரத்தின் உச்சம் இந்த இரண்டும்தான். புரட்டாசி, ஐப்பசியில் கடையில் இருக்க வேண்டிய சரக்கு ஆடியிலும் ஆவணியிலும் மலையேறியாக வேண்டும். சரக்கு மிக அதிகமாக வரும் மாதங்களும் சாலை மிக மோசமாக இருக்கும் மாதங்களும் ஒன்றே. ஒவ்வொரு ஆண்டும் தெரிந்தே நடக்கும் இந்த மோதலுக்குச் சரிவுகளைக் கட்டுவதும், வடிகால் வெட்டுவதும், மழைக்கு முன்பே இயந்திரங்களை நிறுத்தி வைப்பதும் பெரிய அளவில் தொடர்ச்சியாக நடந்திருக்க வேண்டும். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று மலையின் அடியை வெட்டியதே சில இடங்களில் சரிவைக் கூட்டியது. லாரி ஓட்டுநர்கள் மூன்று நாள் சாலையிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவதை மழைக்காலத்தின் வழக்கமாக ஒரு நாடு ஏற்றுக்கொள்ளக் கூடாது. டீசல், கூலி, கெட்டுப்போன சரக்கு எல்லாம் கடைசியில் அசன் கடைத்தெருவின் விலையில்தான் ஏறுகின்றன.

வேலை நடக்காமலில்லை. நாக்டுங்கா ஏற்றத்தின் நெரிசலைத் தவிர்க்க ஜப்பானிய உதவியோடு 2,688 மீட்டர் சுரங்கப்பாதை தோண்டப்பட்டது. 2024 ஏப்ரலில் இரு முனைகளும் சந்தித்தன. நேபாளத்தின் முதல் நவீனச் சாலைச் சுரங்கம் அது. சமவெளியின் நிஜ்கட்டிலிருந்து பள்ளத்தாக்கின் கோகனா வரை எழுபது கிலோமீட்டரை ஒட்டிய விரைவுச்சாலையை 2017-லிருந்து நேபாள ராணுவம் அமைத்து வருகிறது. கெடு தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துவிட்டன. கோகனாவின் நெவார் விவசாயிகள் தங்கள் பாரம்பரிய நிலத்தைக் கொடுக்க மறுத்து நிற்கிறார்கள். அவர்களோடு தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் தாமதத்தில் ஒரு பகுதியையாவது தவிர்த்திருக்கலாம்.

பள்ளத்தாக்குக்குள்ளேயே சோபாரில், மூடப்பட்ட பழைய ஹிமால் சிமென்ட் ஆலை இருந்த பகுதியில், உலக வங்கி உதவியோடு கட்டிய உலர் துறைமுகம் 2022-ல் திறந்தது. அடைத்த பெட்டியை எல்லையில் உடைக்காமல் நேரே தலைநகருக்குக் கொண்டுவந்து, சுங்கத்தையும் அங்கேயே முடிப்பது அதன் நோக்கம். இந்தியாவின் கொங்கண் ரயில்வே நிறுவனம் ஆய்வு செய்திருக்கும் ரக்சௌல்–காத்மாண்டு ரயில்பாதை, சுரங்கங்களும் பாலங்களுமாக சுமார் 140 கிலோமீட்டர் ஏறி வந்து முடிவதும் இதே சோபாரில்தான். அதற்கான பணத்தை யார் போடுவது, எப்போது தொடங்குவது என்பதில் இன்னும் முடிவில்லை. பாதை அமைந்தால் கொல்கத்தாவில் சீல் வைத்த பெட்டி காத்மாண்டுவில்தான் திறக்கும். அது வருவதற்கு எத்தனை ஆண்டு ஆனாலும், நாராயண்காட்–முக்லிங்கின் 36 கிலோமீட்டர் சரிவுகளைப் பலப்படுத்த டெல்லியின் சம்மதமோ பெய்ஜிங்கின் சம்மதமோ தேவையில்லை. அடுத்த மழைக்கு முன்பே அந்த வேலையைக் காத்மாண்டு தொடங்கிவிடலாம்.